செம்பனை மில்லுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது, டாங்கி, பாய்லருக்குள் இறங்கச் சொல்வார்களாம், ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். ஆபத்துதான். ஆனால் முறையாகச் செய்தால் பயமில்லாமல் செய்யலாம். நானும் திருச்சியிலிருந்து இதே வேலைக்கு வந்து, இந்த ஊரிலேயே குடும்பமாகிவிட்டவன்.

முதலில் காற்று. மூடிக் கிடக்கும் இரும்பு டாங்கிக்குள் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். கழிவுக் குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் நின்றுவிட்டால் நிம்மதிப்படாதீர்கள். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கே மரத்துவிடும். வாயுவை அளக்கும் மீட்டர்தான் கணக்கு. ஆக்சிஜன் 19.5-லிருந்து 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவே, அடியில் என்று அளக்கிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள். ஆள் இறங்கும் மேன்ஹோல் வாயில் மட்டும் காட்டிவிட்டு 'ஓகே' என்றால் இறங்காதீர்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது யாரும் திறந்துவிடாதபடி ஸ்டீம் வால்வில் பூட்டு தொங்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்கத்தான் மனசு வரும். தயவுசெய்து குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து செத்த கதைகள் ஏராளம். இடுப்புப் பட்டையும் கயிறும் வெளியே காவல் ஆளும் அதற்காகத்தான்.

உடம்பைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பாய்லர் டிரம்முக்குள் நிமிர முடியாது. ஒருக்களித்துப் படுத்து, தலைக்கு மேல் கிரைண்டரைப் பிடித்தால் கொஞ்ச நேரத்திலேயே தோள் நடுங்கும், முட்டி இறுகும். கால் மரத்தவனால் அவசரத்தில் மேன்ஹோலைப் பிடித்து ஏற முடியாது. அதனால் ஆள் மாற்றி வேலை செய்யக் கேளுங்கள். முட்டிக்கு ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பாய்லர் நன்றாக ஆறாமல் உள்ளே போகாதீர்கள், தண்ணீரை அடிக்கடி குடியுங்கள்.

அப்புறம், வந்ததும் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் ஏஇஎஸ்பி பயிற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இப்படி மூடிய இடத்துக்குள் இறங்குபவருக்கும் வெளியே காவல் நிற்பவருக்குமான பயிற்சி அது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெர்கேசோ என்ற அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பின் விபத்துக் காப்பு உண்டு. உங்கள் பெயரைப் பதிந்துவிட்டார்களா என்று ஆபீசில் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்க 2024 ஜூன் முதல் சட்டமே இடம் தருகிறது. மலாய் வராவிட்டால் பரவாயில்லை, மில்லில் நம் ஆட்கள் இருப்பார்கள், தமிழிலேயே கேளுங்கள்.