ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் இழுக்கிறது: ரேக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய டர்போ டீசல் ஹேட்ச்பேக். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் லாரியை முந்த இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. காலை எடுத்ததும் இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. வாங்கிய நாளிலிருந்தே லேசாக இழுக்கும். மூன்று மாதமாக ரொம்ப மோசம். வீல் அலைன்மென்ட் இரண்டு முறை செய்தும் பலனில்லை. பட்டறையில் ஸ்டியரிங் ரேக்கையே (ஸ்டியரிங் சுழல்வதை முன்சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இப்போதைக்கு ரேக்கில் கை வைக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம்.

முதலில், வாங்கியதிலிருந்தே இருந்த அந்த லேசான இழுப்பு. அதற்கு டார்க் ஸ்டியர் என்று பெயர். விசை முன்சக்கரங்களுக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகளில் (பட்டறையில் ஆக்சில் என்பார்கள்) ஒன்று குட்டை, ஒன்று நீளம். அழுத்தி மிதிக்கும்போது வண்டியின் மூக்கு மேலே எழும்பும். அப்போது குட்டை ஆக்சில் அதிகமாகச் சாயும், நீள ஆக்சில் குறைவாகச் சாயும். ஆக்சில் முனையிலுள்ள ஜாயின்ட் சாய்ந்திருக்க, அதன் வழியாக விசை போனால், சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும் ஒரு சிறு விசையும் கூடவே பிறக்கும். இரண்டு பக்கமும் கோணம் சமமாக இருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துவிடும். சமமில்லாவிட்டால் மிச்சம் டைராட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) வழியாக உங்கள் கைக்கு வருகிறது.

டர்போ டீசலில் இது ஏன் அதிகம்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்) தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இன்னொரு மூன்றரை மடங்கு. ஆக, சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது சுமார் 1,400. நான்காவது கியரில் அதில் பாதிதான். அதனால்தான் நெடுஞ்சாலை வேகத்தில் இந்த இழுப்பு தெரிவதில்லை. போதாததற்கு, டர்போ விழித்துக்கொண்டதும் அந்த விசை மொத்தமாக வந்து விழுகிறது. இதைச் சமாளிக்க நிறுவனங்கள் பெரும்பாடு பட்டிருக்கின்றன. 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 305 குதிரைத்திறனையும் முன்சக்கரங்களுக்கே அனுப்பியது. அதற்காகவே முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகத்தைத் தனியாக வடிவமைத்தார்கள். நம் சாதாரண வண்டிகளில், நீளமான பக்கத்தில் நடுவே ஒரு ஷாஃப்ட் வைத்து இரண்டு ஆக்சில்களின் நீளத்தையும் சமப்படுத்துவதுண்டு. எல்லா மாடலிலும் அது இருக்காது.

ஆனால் மூன்று மாதத்தில் கூடியதற்கு வடிவமைப்பு காரணமாக இருக்க முடியாது. ஏதோ தேய்ந்திருக்கிறது. என் சந்தேகம் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் கை) புஷ் மேல்தான், அதிலும் குறிப்பாகப் பின்பக்கத்துப் பெரிய ரப்பர் புஷ். அது கிழிந்துவிட்டால், மிதிக்கும்போது அந்தப் பக்கச் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னே நகரும். டைராட் இருந்த இடத்திலேயே இருப்பதால் சக்கரத்தின் திசை மாறிவிடும். காலை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். நீங்கள் சொன்ன வெட்டு அதுதான். அலைன்மென்ட் மெஷினில் வண்டி சும்மா நிற்கிறது, இழுவிசை எதுவும் இல்லை. அங்கே அளவுகள் சரியாகத்தான் காட்டும். இரண்டு முறை அல்ல, பத்து முறை செய்தாலும் அப்படித்தான்.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (அந்த அடிச்சட்டம்) நடுவே ஒரு நீளமான லிவரை விட்டு நெம்பச் சொல்லுங்கள். ஆர்ம் அதிகமாக ஆடுகிறதா என்று பக்கத்திலேயே நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதே நேரத்தில் பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குமிழ் மூட்டு), டைராட் எண்ட், இன்ஜின் மவுண்டிங் மூன்றையும் பார்த்துவிடலாம். சமீபத்தில் கிளட்ச் மாற்றினீர்களா? பல மாடல்களில் அந்த வேலைக்கு சப்ஃப்ரேமை இறக்குவார்கள். திரும்ப ஏற்றும்போது போல்ட் சரியாக இறுகாமலோ, ஃப்ரேம் சற்று விலகியோ இருந்தாலும் இதே கோளாறு வரும்.

புஷ் மாற்றும்போது ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகுதான் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புதுப் புஷ் போட்டும் நிலைக்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வேலை முடிந்த பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். அப்போது அதற்குப் பலன் இருக்கும்.

லிஃப்ட்டில் ஏற்றும் முன் டயரையும் பார்த்துவிடுங்கள். முன்னால் இரண்டு டயரும் ஒரே பிராண்டு, ஒரே அளவு தேய்மானம், ஒரே காற்றழுத்தமாக இருக்க வேண்டும்.

இதே போலத் தோன்றும் வேறு கோளாறுகளும் உண்டு. மிதிக்காமல் சீராகப் போகும்போதே இழுத்தால் டயரையோ அலைன்மென்ட்டையோ சந்தேகப்படலாம். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். இழுக்கும் திசையும் மாறினால் குற்றவாளி டயர்தான். (ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை இப்படி மாற்றக் கூடாது.) இடப்பக்கம் லேசாக ஒதுங்குவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் மட்டும் இழுப்பது பெரும்பாலும் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) சிக்கியதால். 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸிங். முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும்.

பரிசோதனையில் பால் ஜாயின்ட் ஆடுவதாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கி விழும். கோளாறைச் சரிசெய்யும் வரை ஏற்றத்தில் முந்தாதீர்கள். முந்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மூன்றாவது கியரில் சிறிது சிறிதாக மிதியுங்கள். மழையில் அதுவும் வேண்டாம்.