ட்ரிப் சுவிட்ச் இருந்தால் லேசர் சப்ளையைத் தொடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூடிப்போன அழகு நிலையம் ஒன்றின் மெஷினிலிருந்து கழற்றிய லேசர் தலைப்பகுதியைப் புறக்கோட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். பச்சை குத்தியதை அழிக்கும் மெஷினாம். உள்ளே ஃபிளாஷ் லாம்பும் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒரு சிறு கோலும் இருக்கின்றன. கூடவே 100 மைக்ரோபரட், 1000 வோல்ற் கெப்பாசிட்டர் ஒன்றும் தந்தார்கள். சப்ளை போர்ட் இல்லை. மைக்ரோவேவ் அவன் ட்ரான்ஸ்போமர் ஒன்று போட்டால் போதும், வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் பயமில்லை என்கிறார் கடைக்காரர். அதற்கு முற்பணமும் கேட்கிறார். எத்தனை வோல்ற் கொடுக்க வேண்டும்?"

முற்பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தக் காசை மறந்துவிடுங்கள், ட்ரான்ஸ்போமரை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உங்கள் கேள்வியில் வோல்ற் எத்தனை என்பதைவிட முக்கியமானது அந்த ட்ரிப் சுவிட்ச் கதை. கொழும்பில் இதைச் சொல்லாத பழைய சாமான் வியாபாரி குறைவு. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: லைவ் கம்பியில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று. 30 மில்லிஅம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கும் கரண்ட், அதன் கணக்கில் ஒரு மின்குமிழ் எரிகிற மாதிரி. மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமர் கிட்டத்தட்ட 2000 வோல்ற் தரும், அதுவும் கையைத் தட்டிவிடுகிற அளவில் இல்லை, ஆளை முடிக்கிற அளவில். அதை டயோட் போட்டு டிசி ஆக்கினால் 2800 வரை ஏறும். மின்னைச் சேமித்துவைக்கும் உங்கள் கெப்பாசிட்டர் தாங்குவது 1000. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துத்தான் "எனக்கு ட்ரிப் ஆனதே" என்று சிலர் வாதாடுவார்கள், ஆகவே சற்று விளக்கமாகவே சொல்கிறேன். சில மலிவு சப்ளைகளில் ட்ரான்ஸ்போமரே கிடையாது. வீட்டு 230 வோல்ற்றின் உச்சம் 325. அதை டயோடும் கெப்பாசிட்டரும் கொண்டு இரட்டிப்பாக்கி 650 எடுப்பார்கள். இந்த வகையில் வெளியே வரும் கம்பி நேரே வீட்டு வயரிங்கோடு தொடர்புள்ளது. ஒரு கையை அதில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் ட்ரிப் ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இருப்பது ஏசி கசிவை மட்டும் உணரும் வகை. டயோடைத் தாண்டிய டிசி கசிவை அது சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் நடப்பது என்ன? மெயின்ஸ் வெட்டுப்படும். ஏற்கெனவே நிரம்பிய கெப்பாசிட்டர் நிரம்பியபடியே இருக்கும். இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் தொட்டால் ட்ரிப்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, பிளக்கைக் கழற்றிவைத்திருந்தாலும் சரி. அதாவது விதிவிலக்கிலும் உங்களைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச் அல்ல.

உதாரணத்துக்கு, 100 மைக்ரோபரட்டை 800 வோல்ற்றுக்கு ஏற்றினால் அதில் இருப்பது 32 யூல் சக்தி. பழைய கமரா ஃபிளாஷ் ஒன்றில் 330 வோல்ற்றில் ஏறத்தாழ 5 யூல்தான், அதுவே கையை உதறவைக்கும். இந்த வோல்ற்றில் 10 யூலைத் தாண்டினாலே உயிராபத்துக் கணக்கு.

சரி, எத்தனை வோல்ற்? கெப்பாசிட்டரில் அச்சிட்டிருக்கும் 1000 அது தாங்கும் உச்சம், லாம்ப் கேட்கும் அளவு அல்ல. லாம்ப் கேட்பது அதன் குழாயின் நீளம், அகலம், உள்ளே உள்ள வாயு, எவ்வளவு நேரத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பவற்றைப் பொறுத்தது. அதோடு இரண்டு வயரைக் கொடுத்தவுடன் எரிகிற பொருளும் அல்ல. டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் வேண்டும் அல்லவா, அதுபோல முதலில் பல ஆயிரம் வோல்ற் அடி ஒன்று வாயுவைத் தூண்ட வேண்டும். இந்த வகை மெஷின்களில் பலவற்றில் அப்புறம் ஒரு சிறு கரண்ட் தொடர்ந்து ஓடி லாம்பை விழிப்பில் வைத்திருக்கும். அதற்குப் பிறகுதான் கெப்பாசிட்டர் சுருள் ஒன்றின் வழியாகக் கொட்டும். சுருள் இல்லாமல் கொட்டினால் குவார்ட்ஸ் குழாய் வெடிக்கக்கூடும். மூன்று வேலை, ஒன்றுக்கொன்று பொருந்திய மூன்று பகுதி. இதைக் கடைக்காரர் ஒரு ட்ரான்ஸ்போமரில் முடிக்கப் பார்க்கிறார்.

ஆகவே உங்களுக்கு வழி ஒன்றுதான்: அதே வகை மெஷினின் முழு சப்ளை, பெட்டியோடும் மூடியோடும். கிடைக்காவிட்டால் தலையை அலுமாரியில் வைத்து அழகு பாருங்கள். கிடைத்தால், லாம்பின் இரு முனைகளையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே கூராக இருக்கும் முனை நெகட்டிவ், உருண்டு தடித்திருப்பது பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் கண்ணாடி உள்ளே கறுத்து லாம்ப் சீக்கிரம் போய்விடும். லாம்பைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வகை என்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, அது கரண்ட் கடத்தும். அயன் நீக்கிய தண்ணீர் வேண்டும், அவசரத்துக்குப் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். பம்ப் ஓடாமல் ஒரு ஃபிளாஷ்கூட வேண்டாம்.

கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் நிரந்தரமாக ரெசிஸ்டர் இருக்க வேண்டும். 27 கிலோஓம், 5 வாட் நான்கைத் தொடராகப் போட்டால் ஒரு நிமிடத்தில் 800 வோல்ற் 5க்கும் கீழே வந்துவிடும். ஒன்றாகப் போடாமல் நான்காகப் பிரிப்பது, தனி ரெசிஸ்டர் அவ்வளவு வோல்ற்றைத் தாங்காது என்பதால். அதன் பிறகும் டிசி 1000 வோல்ற் அளக்கக்கூடிய மீற்றரால் அளந்து பார்த்தே தொட வேண்டும், ஏனென்றால் ரெசிஸ்டர் கழன்றிருக்கலாம். ஸ்க்ரூட்ரைவரால் ஷோர்ட் பண்ணிக் காட்டும் வீரர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒருமுறை காலியாக்கிய கெப்பாசிட்டரிலும் சும்மா வைத்திருக்க வைத்திருக்க வோல்ற் கொஞ்சம் திரும்ப ஏறும். உங்களிடம் இப்போது இருப்பதை இன்றைக்கே ரெசிஸ்டரால் காலியாக்கி, அளந்து, இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் பிணைத்து வையுங்கள்.

கண். அந்தக் கோல் யாக் (Nd:YAG) என்ற லேசர் படிக வகையாக இருந்தால், அதன் நிறம் அப்படித்தான் சொல்கிறது, வெளிவருவது 1064 நானோமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குள் நன்றாகவே புகுந்து விழித்திரையில் குவியும். இமை மூடக் கால் விநாடி ஆகும், இந்தத் துடிப்பு நானோவிநாடிகளில் முடிந்துவிடும். கைக்கடிகாரத்தில் பட்டுத் தெறித்தாலும் போதும். மெஷினோடு வரும் சிவப்புக் கண்ணாடியையும், "எல்லா லேசருக்கும்" என்று விற்கும் கண்ணாடியையும் நம்ப வேண்டாம். 1064 என்ற எண்ணும், அந்த எண்ணுக்கு நேரே ஒளி அடர்த்தி (OD, அந்த ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்றும் கண்ணாடியிலேயே பொறித்திருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டும் கற்றைக்கு நேரே பார்க்கக் கூடாது.

இந்த மெஷின் நாட்டுக்குள் வரும்போது மருத்துவக் கருவி என்று எத்தனை கடதாசி. நிலையம் மூடியதும் கிலோ கணக்கில் விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. கெப்பாசிட்டரைக் காலியாக்கிக் கழற்றி ஒரு கம்பி கட்டிவிட ஐந்து நிமிடம் போதும், அதைச் செய்யச் சொல்லவும் ஆள் இல்லை.

முழு சப்ளை கிடைத்தால் காசு கொடுக்குமுன், மூடியைத் திறக்காமல், அதோடு வந்த தலையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கற்றை செங்கல்லில் முடிய வேண்டும், கடையில் நிற்கும் எல்லோர் கண்ணிலும் சரியான கண்ணாடி இருக்க வேண்டும். "லாம்ப் போனது, சப்ளை நல்லது" என்றால் வேறு கடை பாருங்கள்.