டேலியாக் கிழங்கு ஏன் அழுகியது? மூணாற்று வாசகியின் கேள்விக்கு ஒரு விளக்கம்

கேள்வி: நாங்கள் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். வாசலில் டேலியா, ஜெரேனியம், கிளாடியோலஸ், ஃபியூஷியா, ஹைட்ரேஞ்சியா வைத்திருக்கிறேன். போன மார்கழிக் கடைசியில் விழுந்த உறைபனியில் டேலியா ஒரே இரவில் கறுத்துவிட்டது. மறுநாளே கிழங்குகளைத் தோண்டிக் கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மாசியில் பிரித்தால் எல்லாம் கூழாகக் கிடந்தது. ஜெரேனியத்தை ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தபடி வேரோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டேன். அது விறகாகிவிட்டது. கோடையில் பூக்கிற செடிகளைக் காப்பாற்றி வைத்து, போடியில் இருக்கும் அக்காவுக்கும் கொடுக்க ஆசை. என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் மனக்குறை சற்றுக் குறையட்டும். உறைபனி உங்கள் டேலியாவின் இலையையும் தண்டையும் மட்டுமே கொன்றது. தோண்டிய அன்று கிழங்கு உயிரோடுதான் இருந்தது. அதன்பின் நடந்தவையே அதைக் கெடுத்தன. இலை கருகிய மறுநாளே தோண்டியதால் தோல் முற்றாத இளங்கிழங்கு கையில் வந்தது. கழுவியபின் அது முழுமையாக உலரவில்லை. அந்த ஈரத்தோடு பைக்குள் அடைபட்டது. கிழங்கு ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுவிடுகிறது என்பதையும், அந்த மூச்சின் ஈரம் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து மறுபடியும் கிழங்கின் மேலேயே சொட்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், மாசியில் நீங்கள் கண்ட கூழுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி, மூணாற்றில் பனிக்கு முன்போ பின்போ டேலியாவைத் தோண்டத்தான் வேண்டுமா என்பது. பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் மண்ணே உறைந்து கட்டியாகிவிடுவதால் அங்குள்ளவர்கள் கிழங்கைத் தோண்டி நிலவறையில் வைக்கிறார்கள். உங்கள் மலையில் விழுவது வேறு வகைப் பனி. மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகின்றன. அப்படிக் குளிர்ந்த கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. வெப்பமானியைத் தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பளவுக்கு மேலேதான் பொருத்துவது வழக்கம் என்பதால், அதில் 3 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே புல்லின் நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். ஆனால் இந்தக் குளிர் ஒரு விரற்கடைக்குக் கீழே மண்ணுக்குள் இறங்குவது அரிது; பகல் வெயில் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஒரு சாண் ஆழத்தில் உறங்கும் கிழங்குக்குப் பனி விழுந்த செய்தியே எட்டுவதில்லை. தை, மாசி மாதங்கள் உங்கள் பக்கம் மழையற்றவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கிழங்கை வைப்பதற்கு மண்ணைவிட நல்ல அறை உங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே அடுத்த முறை இலை கறுத்ததும் பதற வேண்டாம். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செடியை அப்படியே விட்டுவிட்டு, பிறகு தண்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டுங்கள். டேலியாவின் தண்டு மூங்கிலைப் போல உள்ளே கூடானது. வெட்டிய வாயில் பனித்துளியோ தப்பித்தவறிப் பெய்யும் மழையோ இறங்கினால் நேராகக் கிழங்கின் கழுத்துக்குப் போய்த் தேங்கி அழுகலைத் தொடங்கிவைக்கும். வெட்டிய தண்டின்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் போதும். அதைச் சுற்றிச் சில்வர் ஓக் சருகைக் கையகல உயரத்துக்குப் பரப்பி, மாசி பிறக்கும்வரை தண்ணீர் ஊற்றாமல் இருங்கள்.

தோண்டியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. பாத்தி நீர் வடியாத பள்ளத்தில் இருந்தாலோ, குத்து பெரிதாகிப் பிரிக்க வேண்டியிருந்தாலோ, பிறருக்குக் கொடுக்க விரும்பினாலோ தோண்டலாம். அப்போதும் இலை கருகியபின் அந்த ஒன்றிரண்டு வாரப் பொறுமை தேவை. அந்த இடைவெளியில்தான் கிழங்கின் தோல் தடித்து, கழுத்தில் கண்கள் புடைத்துத் தெரியத் தொடங்கும். இங்கே பலர் தவறுவது உருளைக்கிழங்கின் நினைவால். உருளைக்கிழங்கில் உடல் முழுவதும் கண் உண்டு. டேலியாவில் தண்டும் கிழங்கும் சேரும் கழுத்துப் பகுதியில் மட்டுமே உண்டு. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் அதிலிருந்து முளை வராது. ஆகையால் மண்வெட்டியைச் செடிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுச் சுற்றிலும் நெம்பி, குத்தை இரு கைகளாலும் அடியிலிருந்து தூக்க வேண்டும். மண்ணை உதிர்த்தால் போதும், கழுவ வேண்டாம். தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் கவிழ்த்து வைத்து மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். வெட்டுக்காயங்களில் அடுப்புச் சாம்பலைத் தடவுங்கள். பிறகு அட்டைப்பெட்டியிலோ மூங்கில் கூடையிலோ, தேங்காய் நார்த்தூளையோ உமியையோ பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் கிழங்குகளை அடுக்கி மூடுங்கள். நார்த்தூளைக் கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது. ஆனால் விரலில் மெல்லிய குளிர்ச்சி தெரிய வேண்டும். அந்தப் பக்குவம்தான் சரி. இடம் 5 முதல் 10 டிகிரி வரை இருப்பது உத்தமம். வெயில் படாத வடக்குப் பக்க அறையின் மூலை இதற்கு ஓரளவு நெருங்கி வரும். அடுப்புப் பரண் விதைச் சோளத்துக்கு நல்லது, கிழங்குக்கு ஆகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்: சுருங்கியதன்மேல் சிறிது நீர் தெளிக்கலாம்; மெத்தென்று அமுங்குவதை அன்றே எடுத்தெறிய வேண்டும்.

பனியைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நான் உண்மையில் கவலைப்படுவது இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றித்தான். 1924 ஜூலையில் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே அடித்துக்கொண்டுபோன மழை பெய்த ஊர் உங்களுடையது. மெக்சிகோவின் மலைச்சரிவுகளிலிருந்து வந்த டேலியாவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாது நனையும் மண் பழக்கமில்லை. நாம் பொதுவாகச் செடியைக் குளிரிலிருந்து காப்பதையே ஆண்டின் பெரிய வேலையாக எண்ணுகிறோம். உங்கள் மலையிலோ பாதுகாப்புத் தேவைப்படும் பருவம் ஆனியும் ஆடியும். இதற்குக் கணக்கு இப்படி: கிழங்கு நட்டு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் டேலியா பூக்கும். பனி முற்றிலும் ஓய்ந்த மாசிக் கடைசியில் நேரடியாக நட்டால் வைகாசியில் மொட்டு வரும், அதோடு மழையும் வந்துவிடும். தை நடுவிலேயே கிழங்கைத் தொட்டியில் வைத்துத் திண்ணை ஓரத்தில் முளைக்கவிட்டு, மாசி நடுவில் நான்கு இலையோடு பாத்திக்கு மாற்றினால் சித்திரை முழுவதும் பூப் பார்க்கலாம். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு முழமேனும் உயர்த்தி, அடியில் சரளைக்கல் போடுங்கள். மழை தொடங்கியதும் செடியைப் பாதி உயரத்துக்குக் குறைத்து, விழுந்து அழுகும் இதழ்களைத் தினமும் பொறுக்கிவிடுங்கள். அந்தச் செடியே புரட்டாசியில் மறுபடி தழைத்து, துலாவருஷம் எனும் வடகிழக்குப் பருவமழையின் இடைவெளிகளில் இரண்டாம் முறை பூக்கும். இரண்டோ மூன்றோ நல்ல ரகங்களையாவது தொட்டியில் வளர்த்து, அந்த நான்கு மாதமும் தாழ்வாரத்தின் கீழ் வைத்திருப்பது காப்பீட்டைப் போன்றது.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. பகல் குறுகும்போது டேலியா கிழங்கைப் பருக்கச் செய்யும் இயல்புடையது. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் பொழுதில் பல மணி நேர வேறுபாடு உண்டு. மூணாற்றில் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம், மிக நீண்டது பன்னிரண்டே முக்கால். அங்கே இலையுதிர்காலம் செடிக்குத் தெளிவாகச் சொல்லும் செய்தி இங்கே மெல்லிய குரலில்தான் கேட்கிறது. இன்ன தேதியில் தோண்டு, இன்ன தேதியில் நடு என்று அங்கிருந்து வரும் அட்டவணை நமக்கு உதவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெரேனியத்துக்கு வருவோம். தலைகீழாகத் தொங்கவிடும் முறை பொய்யன்று. அது குளிர்ந்த, சற்று ஈரமான நிலவறைக்கு உரியது. அடுப்பின் சூட்டில் அந்தத் தண்டு தன் நீரையெல்லாம் சில வாரங்களில் இழந்துவிடும். இந்தச் செடியின் பிறப்பிடம் தென்னாப்பிரிக்கா. வறட்சியைத் தாங்கும், வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. மழைக்காலத்தில் தரையை ஒட்டிய தண்டு கறுத்து மேலேறி அழுகும் நோயில்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன. தாய்ச்செடியைக் காப்பதைவிடப் பிள்ளைச்செடி எடுத்து வைப்பதே எளிது என்பது என் அனுபவம். ஆண்டுக்கு இரண்டு முறை, வைகாசியில் மழைக்கு முன்பும் ஐப்பசிக் கடைசியில் பனிக்கு முன்பும், மொட்டில்லாத நுனித்தண்டுகளை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு பகல் நிழலில் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்தபின் மணலும் நார்த்தூளும் கலந்த சிறு தொட்டியில் செருகுங்கள். ரோஜாக் குச்சிக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் இது அழுகிவிடும், திறந்தே இருக்கட்டும்.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளாடியோலஸ் பூத்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இலை மஞ்சளானதும் தோண்டி, இரண்டு வாரம் உலர்த்தி, அடியில் ஒட்டியிருக்கும் சுருங்கிய பழைய கிழங்கைத் திருகி எறிந்துவிட்டு, புதியதை வெங்காயம் கட்டும் வலைப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிடலாம். டேலியாவைப் போலன்றி இதற்கு முழு உலர்வு வேண்டும். ஃபியூஷியா குளிர்ச்சியையும் ஈரக்காற்றையும் விரும்பும், உறைபனியை மட்டும் தாங்காது. மார்கழியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சுவரோரம் வைத்து, வேர் முற்றிலும் காய்ந்துவிடாமல் பார்த்தால் போதும். ஹைட்ரேஞ்சியாவைப் பனிக்காலத்தில் கத்தரிக்காதீர்கள்; பெரும்பாலான ரகங்கள் முந்தைய ஆண்டுத் தண்டில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பூத்து முடிந்த உடனே கத்தரிப்பது மட்டுமே சரி. உங்கள் பூ நீலமாக இருப்பதும் அக்காவின் தொட்டியில் இளஞ்சிவப்பாக மாறுவதும் செடியின் குணமாற்றமல்ல. தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணில் அலுமினியம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது; நீலம் அதன் விளைவு.

பனி விழும் என்று தெரிந்த நாளில் செய்யத்தக்கவை சில உண்டு. அன்று நண்பகலுக்கு முன் மண்ணுக்கு நீர் ஊற்றினால், நனைந்த மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்துவைத்து இரவில் விடும். பொழுது சாயும் முன்பே பழைய வேட்டியாலோ சாக்காலோ, குச்சிகள் நட்டு இலையைத் தொடாதபடி மூடுங்கள். தொட்டால் தொட்ட இடம் கருகும், பிளாஸ்டிக் தாளில் இன்னும் மோசம். காலையில் வெயில் ஏறியதும் மூடியை எடுத்துவிடுங்கள். கிழக்கு வாசலில் உள்ள செடிகளே அதிகம் கருகுவதற்குக் காரணம், உறைந்த இலைமீது முதல் வெயில் பட்டு அது திடீரென்று உருகுவதுதான். தொட்டிகளை மேற்குச் சுவரோரம் மாற்றினாலே சேதம் குறையும். கூரையின் கீழோ மரத்தடியிலோ இருக்கும் செடி தப்புவதும், வானத்தை நேராகப் பார்த்து வெப்பத்தை இழக்காமல் இருப்பதால்.

அக்காவுக்கு அனுப்புவதில் ஒரு சுவையான வசதி இருக்கிறது. உங்களுக்கு டேலியா கோடைப் பூ. போடி அடிவாரத்தில் அது குளிர்காலப் பூ. ஆகவே கிழங்கைக் காத்திருந்து அனுப்ப வேண்டாம். ஆவணியில் டேலியாவின் இளந்தளிர்களை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டிச் செருகினால் மூன்று வாரத்தில் வேர்விடும்; அவற்றை ஐப்பசியில் கொடுத்தால் தையில் அவர் வீட்டில் பூக்கும். பங்குனி வெயிலில் அங்கே செடி வாடியதும் கிழங்கை எடுத்து அவர் உங்களுக்கு மேலே அனுப்பிவிடட்டும். கீழே 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அறையில் அதை வைத்துக் காப்பது வீண்வேலை. சில வாரம் ஆறவிட்டு நட்டால் அவை மழைக்குப் பின்பே பூக்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஜெரேனியக் குச்சிகளையும் கிளாடியோலஸ் கிழங்குகளையும் அதே ஐப்பசியில் அனுப்பலாம். ஃபியூஷியாவை அனுப்ப வேண்டாம், ஒரு சித்திரையைத் தாண்டாது. அங்கிருந்து நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை விதைகள்: ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை. மாசியில் தூவினால் சித்திரையில் உங்கள் வாசல் நிறையும்.

எதைக் கொடுத்தாலும், இலை நரம்போரம் மஞ்சள் கோடிட்டும் செடி குட்டையாகவும் இருக்கும் டேலியாவிலிருந்து எடுக்காதீர்கள். அது அசுவினிப் பூச்சியால் பரவும் தேமல் நச்சுயிரி. கிழங்கோடும் குச்சியோடும் கூடவே போகும், மருந்து கிடையாது. பூத்திருக்கும்போதே நல்ல செடிகளின் தண்டில் வண்ணத்துணி கட்டி, நிறத்தின் பெயரைப் பென்சிலால் எழுதித் தொங்கவிடுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும். அப்படிக் கரைந்த சீட்டுகளால் ஓர் ஆண்டு முழுவதும் எது வெள்ளை, எது மெரூன் என்று தெரியாமல் நானே பூக்கும்வரை காத்திருந்தேன்.