பாலம் வந்தால் குனியும் பெரியம்மா

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 82 வயது. பிள்ளை இல்லாதவர். பெரியப்பா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். படகில் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே என்று, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஆலப்புழை போய் ஏசி படகு வீடு எடுத்து ஒரு நாள் தங்கினோம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அதே பழைய கதைதான்: சின்ன வயதில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்னைக்கு அப்பாவோடு விறகுப் படகில் வந்தது. பிள்ளைகள் அலுத்துப்போய் செல்போனை எடுத்துக்கொண்டார்கள். பாலம் வரும்போதெல்லாம் பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாலமோ எட்டாத உயரத்தில். மகன் அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட, ஒரே சிரிப்பு. அதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது மறதி நோயின் ஆரம்பமா? இனி இவரை வெளியூர் கூட்டிப்போவதில் அர்த்தம் உண்டா?
– பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தில் படகு வாடகை, கரிமீன் வறுவல், பெட்ரோல் என்று ஒரு பக்கத்துக்குச் செலவுக் கணக்கு இருந்தது. வெட்டிவிட்டேன். பெரியம்மா குனிந்தார் என்ற வரியை மட்டும் தொடவில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியது அது. எனக்கு அதுதான் கடிதமே.

ஏன் குனிந்தார் என்று யாராவது கேட்டீர்களா? அத்தனை பேர் இருந்த படகில் ஒருவர் வாயிலும் அந்தக் கேள்வி வரவில்லை. விறகு ஏற்றிய படகில் ஒரு சின்னப் பெண்ணுக்கு உட்கார இடம் எங்கே கிடைத்திருக்கும்? அடுக்கின் மேலேதான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வருகிற குழந்தைக்குப் பாலம் உச்சந்தலையை உரசுகிற மாதிரிதான் வரும். "குனி, குனி" என்று அவர் அப்பா கத்தியிருப்பார். இது என் ஊகம். பெரியம்மா வேறு காரணம் சொல்லலாம். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அவர் சொல்வது பக்கிங்ஹாம் கால்வாயை. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓடத் தொடங்கி, பிறகு ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1876–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டியது. உப்பு, கிளிஞ்சல், விறகு எல்லாம் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். 1960-களிலும் 1976-லும் வந்த புயல்களில் கால்வாய் நொறுங்கியது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களே இன்று அதற்குள் நிற்கின்றன. சென்னையில் எங்கே போய் அவர் படகு ஏறுவார்? அதனால்தான் உங்களிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் ஏசி போட்டுக் கொடுத்தீர்கள்.

இதில் வேடிக்கை, நீங்கள் தங்கிய மாதிரிப் படகும் ஒரு காலத்தில் சரக்குப் படகுதான். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப்போன கெட்டுவள்ளம். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். லாரி வந்து அதன் பிழைப்பு போன பிறகு, 1990-களில் கட்டிலும் குளியலறையும் வைத்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். அந்தப் படகில் சரக்கு ஏற்றும் படகு எப்படி ஓடும் என்று தெரிந்த பயணி உங்கள் பெரியம்மா ஒருவர்தான். அவரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

ஒரே கதையைச் சொல்கிறார் என்கிறீர்கள். யாரும் எடுக்காத போனுக்கு நாம் திரும்பத் திரும்ப அடிப்பதில்லையா? "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டிருந்தால் கதை அடுத்த இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

காலையில் சாப்பிட்டது நினைவில்லை, வீட்டுக்குள்ளேயே வழி தடுமாறுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்த பிறகு ஒரு பெண் பேசாமல் இருந்தால் அது கோபம். நியாயமான கோபம்.

இன்னொன்று. 'பிள்ளை இல்லாதவர்' என்று ஆரம்பித்தீர்களே, அப்படியானால் நீங்கள் யார்? தங்கை பிள்ளை தன் பிள்ளை என்றுதானே அவர் உங்கள் வீட்டுக்கு வந்தார்? சோறும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற வீடுகளிலிருந்து எனக்கு ஓயாமல் கடிதம் வருகிறது. என் கணக்கில் அது பாதிக் கடமைகூட இல்லை. பெரியவர்கள் பேசும்போது எதிரே உட்கார்ந்து கேட்பதும் அதில் சேர்த்திதான். அதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் பழக்கவில்லை. நீங்கள் சிரித்ததைப் பார்த்துத்தானே அவர்களும் சிரித்தார்கள்?

முதலில் அந்த வீடியோவை நீக்கச் சொல்லுங்கள். மன்னிப்பை குரூப்பில் கேட்க வேண்டாம். மகன் நேரில் கேட்கட்டும். அவனுக்கு முன்னால் நீங்கள் கேளுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போங்கள். அரை நாள் வேலைதான். முன் சீட்டு பெரியம்மாவுக்கு. படகெல்லாம் வேண்டாம், ஏரிக்கரை போதும். ஏரிக்கு அப்பால்தான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும்போது டிவி முன்னால் உட்காருகிற பிள்ளைகள்தானே இவர்கள்? அந்த ராக்கெட் தளம் வருவதற்கு முன்னால், அதே தீவிலிருந்துதான் சென்னையின் அடுப்புகளுக்கு விறகு வந்தது, அந்த விறகின் மேல் உட்கார்ந்து பாட்டி வந்தார் என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

மகன் செல்போனைக் கொண்டுவரட்டும், குரலைப் பதிவு செய்ய. படகில் எத்தனை பேர், சோறு யார் பொங்கினார்கள், ராத்திரி எங்கே கட்டிப்போட்டார்கள், சென்னை பேசின் பாலத்தில் இறக்கிய விறகை யார் வாங்கினார்கள் என்று அவனே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். மூணாறு, கொடைக்கானல் பற்றியெல்லாம் இதற்குப் பிறகு யோசிக்கலாம்.