பேப்பர் போடுவதிலிருந்து புது ஆபீஸின் முதல் சம்பளம் வரை: கேள்வி பதில்

ஐடியில் வேலை மாறுகிறவர்கள் இன்டர்வியூவுக்கு மூன்று மாதம் படிப்பார்கள். பேப்பர் போட்டு (ராஜினாமா கொடுத்து) ரிலீவ் ஆகும் காகித வேலைக்கு மூன்று மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. பணம் கைவிட்டுப் போவது இந்த இடைவெளியில்தான். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். வரிக் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி.

18 லட்சம் சிடிசி (கம்பெனிக்கு ஒரு ஊழியரால் வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் வந்திருக்கிறது சார். மாதம் ஒன்றரை லட்சம் கைக்கு வருமா? (சோழிங்கநல்லூர், 7 வருட அனுபவம்)

வராது. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் சம்பளப் பிரிப்பு அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, 18 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகை) என்றால் 1.8 லட்சம் மாதச் சம்பளத்தில் சேராது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் ரூ.75,000 என்று வையுங்கள். கம்பெனி பங்கு பிஎஃப் மாதம் ரூ.9,000, அதாவது வருடத்துக்கு ரூ.1,08,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், ரூ.43,290. இரண்டும் சிடிசிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இவை போக மொத்தச் சம்பளம் வருடத்துக்கு ரூ.14,68,710, மாதம் ரூ.1,22,392. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 9,000, வருமான வரி சுமார் 7,700, சென்னை மாநகராட்சியின் தொழில் வரி (அரையாண்டுக்கு ரூ.1,250) எல்லாம் போனால் கைக்கு ஏறத்தாழ ரூ.1,05,000.

எச்ஆரிடம் மூன்று கேள்விகளை மெயிலில் கேளுங்கள். பிஎஃப் முழு பேசிக்குக்கா, இல்லை ரூ.15,000 உச்சவரம்புக்கா (அப்படியென்றால் மாதம் 1,800 மட்டும் பிடிப்பார்கள்)? வேரியபிள் மாதாமாதமா, வருடத்துக்கு ஒருமுறையா? ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 12 மாதம் என்று வரும். முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

90 நாள் நோட்டீஸ். புதுக் கம்பெனி 45 நாளில் வரச் சொல்கிறது. பை-அவுட் (மீதி நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்கூட்டியே விலகுவது) எப்படிக் கணக்கிடுவார்கள்?

உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "கிராஸ்" (பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்) என்றிருந்தால், மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு 45 நாளுக்கு ரூ.1,50,000. "பேசிக்" என்றிருந்து, பேசிக் 50,000 என்றால் ரூ.75,000. பை-அவுட் என்பது உங்கள் உரிமையா, மேனேஜர் சம்மதித்தால்தானா என்பதும் அதே பத்தியில் இருக்கும். பல ஆர்டர்களில் "கம்பெனியின் விருப்பப்படி" என்று ஒரு வரி இருக்கும்.

மேனேஜர் "பார்த்துக்கலாம், விட்டுடறேன்" என்று வாயால் சொன்னதை நம்பி ஜாயினிங் தேதி கொடுக்காதீர்கள். கடைசி வேலை நாள் இன்ன தேதி என்று எச்ஆர் போர்ட்டலிலோ மெயிலிலோ வந்த பிறகு கொடுங்கள். நோட்டீஸ் காலத்தில் லீவ் எடுத்தால் அத்தனை நாள் கடைசி நாளைத் தள்ளிப்போடும் கம்பெனிகளும் உண்டு.

புதுக் கம்பெனி பை-அவுட் தொகையைத் தருகிறது என்றால், அது பெரும்பாலும் சம்பளத்தோடு சேர்ந்து வரும், வரியும் பிடிபடும். ஒன்றரை லட்சம் கட்டிவிட்டு ஒன்றரை லட்சம் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். பிடித்த நோட்டீஸ் தொகை மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று யாராவது போட்டால், 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கையைக் காட்டுங்கள். அதற்கு வரி இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது.

போன வருடம் அக்டோபரில் மாறினேன். இரண்டு கம்பெனியிலும் வரியே பிடிக்கவில்லை. ரிட்டர்ன் போடும்போது கிட்டத்தட்ட ஒரு லட்சம் கட்டச் சொல்கிறது. தப்பு எங்கே அண்ணா?

தப்பு சாஃப்ட்வேரில் இல்லை. உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்: பழைய கம்பெனியில் மாதம் ஒரு லட்சம், புதியதில் ஒன்றரை லட்சம் என்று எழுதியிருந்தீர்கள். பழைய கம்பெனி ஏப்ரலில் வருடத்துக்கு 12 லட்சம் என்று கணித்தது. நிலைக்கழிவு 75,000 போனால் 11.25 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி, வரி பூஜ்யம். புதுக் கம்பெனிக்கு நீங்கள் அக்டோபரில் பிறந்த குழந்தை. ஆறு மாதத்துக்கு 9 லட்சம், மறுபடியும் 75,000 கழிவு, மறுபடியும் பூஜ்யம்.

உண்மையில் உங்கள் வருமானம் 15 லட்சம். ஒரே ஒருமுறை 75,000 கழித்தால் 14.25 லட்சம். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750, அதன் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் ரூ.97,500. முன்கூட்டியே கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் மாதம் ஒரு சதவீதக் கணக்கில் வட்டி தனி.

சேர்ந்த வாரத்திலேயே படிவம் 12பி-யில் பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டியிருந்தால், ஆறு மாதமும் மாதம் ரூ.16,250 பிடித்திருப்பார்கள். வலி தெரியாமல் போயிருக்கும். பழைய கம்பெனியின் ஃபார்ம் 16 (சம்பளம், பிடித்த வரி இரண்டுக்குமான சான்று) அடுத்த ஜூனில்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கடைசி பேஸ்லிப்பும் வரிக் கணக்குத் தாளும் போதும். இரண்டையும் லாகின் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். 12பி கொடுக்க மறந்தவர்கள் மார்ச் 15-க்குள் முன்வரியாகத் தாங்களே கட்டிவிட்டால் வட்டியின் பெரும்பகுதி தப்பும்.

பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா, மாற்றுவதா? (சிறுசேரி, மூன்றாவது கம்பெனி)

மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. ரூ.50,000-க்கு மேல் என்றால் எடுக்கும்போதே 10 சதவீதம் பிடிப்பார்கள். மாற்றிக்கொண்டே வந்தால் மூன்று கம்பெனி வருடங்களும் ஒன்றாகக் கூடும். பென்ஷனுக்கு 10 வருட சேவை வேண்டும், அதையும் நடுவில் அறுத்துக்கொள்கிறார்கள்.

முதலில், புதுக் கம்பெனியில் படிவம் 11 நிரப்பும்போது பழைய யூஏஎன் எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் உறுப்பினர் எண்) கட்டாயம் எழுதுங்கள். விட்டுவிட்டால் இரண்டாவது யூஏஎன் உருவாகி, பிறகு இரண்டையும் இணைக்க அலைய வேண்டும். அடுத்து, பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்ததா என்று சர்வீஸ் ஹிஸ்டரியில் பாருங்கள். பதியவில்லையென்றால் கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து, "மார்க் எக்ஸிட்" வழியாக ஆதார் ஓடிபி கொடுத்து நீங்களே பதியலாம். தேதியை நிதானமாகப் பார்த்துப் போடுங்கள். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியாக இருக்க வேண்டும். அதன்பின் "ஒன் மெம்பர் ஒன் ஈபிஎஃப் அக்கவுன்ட்" பகுதியில் மாற்ற விண்ணப்பம். சொந்த பிஎஃப் டிரஸ்ட் வைத்திருக்கும் பெரிய கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்றால் தாமதமாகும், அவர்களிடம் அனெக்சர் கே (மாற்றும் தொகையும் சேவை விவரமும் உள்ள தாள்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கில் மாறி வந்த தொகையில் பென்ஷன் பத்தி பூஜ்யமாக இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறையப் பேர். பென்ஷன் பணம் (மாதம் அதிகபட்சம் ரூ.1,250) அப்படி நகர்ந்து காட்டாது, சேவைக் காலம்தான் சேரும். இன்னொன்று: 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக வேலைக்கு வந்து, அப்போதே பேசிக் 15,000-க்கு மேல் என்றால் நீங்கள் பென்ஷன் திட்டத்தில் இருக்கவே கூடாது. சில கம்பெனிகள் தவறுதலாகச் சேர்த்துவிடுகின்றன. மாற்ற விண்ணப்பம் காரணம் புரியாமல் நிராகரிக்கப்பட்டால் முதலில் இதைச் சோதியுங்கள்.

ஆதாரில் பெயருக்குப் பின் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பிஎஃப்-இல் இனிஷியல் முன்னால். கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஏறவே இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தீராத தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒவ்வொரு படிவமும் "லாஸ்ட் நேம்" கேட்கும், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பியிருப்போம். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயராக இனிஷியலை ஏற்க மாட்டார்கள், அதனால் அங்கே அப்பா பெயர் விரிந்துவிடும். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் இனிஷியல் மட்டும்.

எதற்கு எதை ஒத்துப்போக வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் அதை அச்சாக வைத்துக்கொள்வது நல்லது, ஆன்சைட் (வெளிநாட்டு வேலை) விசாவில் அந்தப் பெயர்தான் பேசும். ஆதாரை முதலில் அதற்கு மாற்றுங்கள் (பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்). பிறகு பான், அதன்பின் பிஎஃப், கடைசியில் வங்கி. வரிசை மாறினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று உடையும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வழியாக உருவான யூஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் போன்றவற்றை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே திருத்தலாம், கம்பெனி ஒப்புதல் வேண்டாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி வழியாகக் கூட்டு விண்ணப்பம். அதனால்தான் வேலையில் இருக்கும்போதே முடியுங்கள் என்கிறேன். விலகிய பின் பழைய எச்ஆர் உங்கள் மெயிலைத் திறக்க எந்த அவசரமும் இல்லை.

4 வருடம் 10 மாதம் ஆகிறது. கிராஜுவிட்டி கிடைக்குமா?

சட்டப்படி ஐந்து வருடம். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களுக்குச் சட்டத்தில் 190 நாள்தான். ஆனாலும் எல்லாக் கம்பெனியும் இதை ஏற்றுத் தருவதில்லை, நீங்கள் வாதாட வேண்டி வரலாம். கடைசி பேசிக் 75,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு ரூ.2,16,346. இரண்டு மாதம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். புதுக் கம்பெனியிடம் ஜாயினிங் தேதியை நகர்த்தக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அம்மா அப்பா இருவரும் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. இடையில் 12 நாள் இடைவெளி வருகிறது.

குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அந்த 12 நாளில் மருத்துவமனையில் சேர்ந்தால் முழுச் செலவும் உங்களுடையது. முடிந்தால் ரிலீவ் ஆன அடுத்த வேலை நாளிலேயே சேருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், புதுக் கம்பெனி பெற்றோரைச் சேர்க்குமா என்பது. சேர்க்காவிட்டால், பழைய குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். அதில் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க நேரிடும். பேப்பர் போட்ட வாரத்திலேயே எச்ஆரிடம் பாலிசி எண், சேர்ந்த தேதி, கவரேஜ் சான்று கேளுங்கள். விலகிய பிறகு போனால் அந்த வாய்ப்பு மூடிவிடலாம். தனி பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, இப்போது கொஞ்சம் இலேசு.

இரண்டு வருட பாண்ட் கையெழுத்துப் போட்டேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள். (முதல் வேலை)

இரண்டும் வேறு வேறு. "விலகிய பின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்ற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் "குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இவ்வளவு தர வேண்டும்" என்ற பாண்ட் தானாகவே செல்லாததாகிவிடாது. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொகை நியாயமானதா, பயிற்சிக்கு உண்மையில் செலவானதா என்பதுதான் கேள்வி. சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பதை எந்த வகையிலும் ஏற்காதீர்கள். தேதி குறிப்பிட்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

எச்ஆர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். இன்றைக்கே வேண்டுமாம்.

இன்றைக்கே எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிய அடுத்த நொடி அது உங்கள் முடிவாகிவிடும், பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மீட்டிங்கில் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். தராவிட்டால், "இன்று 3 மணிக்கு இப்படிச் சொன்னீர்கள், யோசிக்க நேரம் வேண்டும்" என்று நீங்களே மெயில் போடுங்கள், சொந்த மெயிலுக்கும் ஒரு நகல். விலகுவதுதான் சரி என்று பட்டால், நோட்டீஸ் சம்பளம், கூடுதல் இழப்பீடு, இன்ஷூரன்ஸ் எதுவரை, ரிலீவிங் லெட்டரில் என்ன வாசகம் என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள். ஐடி ஊழியருக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்பது தவறு. உங்கள் பதவிப் பெயரை வைத்து முடிவாகாது, செய்யும் வேலையின் தன்மைதான் பார்க்கப்படும். மாநிலத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

ஃபுல் அண்ட் ஃபைனல் (விலகியபின் தரும் கடைசிப் பாக்கித் தொகை) எத்தனை நாளில் வர வேண்டும்?

45 நாள் என்பது கம்பெனிகளின் பழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்கான ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தரச் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

லேப்டாப் ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியது?

கம்பெனி கோடு எதையும் எடுக்காதீர்கள், சொந்தக் கிட்ஹப்பில் ஒரு ஸ்கிரிப்ட்கூட வேண்டாம். பெரிய ஃபைல் வெளியே போனால் கண்காணிப்பில் விழும், நோட்டீஸ் காலத்தில் அதைக் கூர்ந்து பார்ப்பார்கள். உங்களுடையது என்று எடுக்க வேண்டியவை: எல்லா பேஸ்லிப்புகள், ஃபார்ம் 16, இன்கிரிமென்ட் லெட்டர்கள், இன்ஷூரன்ஸ் சான்று. பிரவுசரில் சொந்த புரொஃபைல், வாட்ஸ்அப் லிங்க் ஆன சாதனம் இரண்டையும் நீக்குங்கள். பிஎஃப், வங்கி, வருமான வரி போர்ட்டலில் ஆபீஸ் மெயில் இருந்தால் மாற்றுங்கள். போனில் ஆபீஸ் புரொஃபைல் இருந்தால், அதை அழிப்பதற்கு முன் படங்களையும் தொடர்புகளையும் பேக்கப் எடுங்கள். கூரியரில் அனுப்புகிறவர்கள் லேப்டாப்பின் சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், சார்ஜருடன் பெட்டிக்குள் வைத்த நிலையில் ஒரு படம், கூரியர் ரசீது ஆகிய மூன்றையும் வைத்திருங்கள். "சார்ஜர் வரவில்லை" என்று ஃபைனல் செட்டில்மென்ட்டில் பணம் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது. பெற்றுக்கொண்டோம் என்ற மெயில் வரும்வரை இந்தப் படங்களை அழிக்காதீர்கள்.