ஸ்லோ குக்கரில் ஹாட் சாக்லேட்

கேள்வி: திறந்த இல்ல உபசரிப்புக்கு ஸ்லோ குக்கரில் (மெதுவாகச் சமைக்கும் மின்பானை) ஹாட் சாக்லேட் வைத்தேன். பால் திரிந்து, கொக்கோ கட்டி தட்டிவிட்டது. ஏன்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 'ஹை'யில் வைத்திருப்பீர்கள். பானையின் ஓரச் சூட்டில்தான் பால் முதலில் கெடும். 'லோ'வில் 2 மணி நேரம் போதும்.

கொக்கோவைக் குளிர்ந்த பாலில் நேரே கொட்டினால் மிதந்து கட்டி தட்டும். 2 லிட்டர் பாலுக்கு 60 கிராம் கொக்கோ, 100 கிராம் சீனி, சிட்டிகை உப்பு. மூன்றையும் உலர்வாகக் கலந்து, கொஞ்சம் வெந்நீரில் குழைத்த பிறகே பாலில் சேருங்கள். (மைலோ கொக்கோ ஆகாது, போட்டால் மைலோதான் கிடைக்கும்.) பொடியாக நறுக்கிய 200 கிராம் டார்க் சாக்லேட்டும் கூடவே போகட்டும். தனியே உருக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் இறுகிவிடும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். இனிப்பு டின்பால் (கண்டென்ஸ்ட் மில்க்) ஊற்றுவதானால் சீனி வேண்டாம். பரிமாறும்போது 'வார்ம்', மூடி போட்டபடி. திறந்து வைத்தால் ஏடு படியும்.