இரவு றெஸ்பிற்றை மீளாய்வு செய்கிறார்களாம்: பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

என் மகனுக்கு இப்போது 20 வயது. 7 வயதில் தொடங்கி 18 வரை மாதத்தில் இரண்டு இரவு றெஸ்பிற் வீட்டில் (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை இரவில் வைத்துப் பார்த்து, பெற்றோருக்கு ஓய்வு தருகிற இடம்) தங்கினவன். அந்தக் காலத்தில் எங்கள் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) மூன்று தரம் அந்தச் சேவையை மீளாய்வு செய்தது. இரண்டு தரம் பெற்றோர் ஃபோரத்தின் சார்பில் நானும் அந்த மேசையில் இருந்தேன். நான் வக்கீல் இல்லை. பட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். எல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு.

ஹரோவிலிருந்து ஒரு அம்மா: அக்கா, இரவு ஷோர்ட் பிரேக்கை, அதுதான் றெஸ்பிற்றை, மீளாய்வு செய்யப்போகினமாம் எண்டு கடிதம் வந்திருக்கு. மூடப்போகினமோ?

மீளாய்வு என்றதும் மூடத்தான் போகிறார்கள் என்றில்லை. ஆனால் காசு மிச்சம் பிடிக்கிற யோசனை இல்லாமல் ஒரு கவுன்சில் இதைத் தொடங்கி நான் கண்டதில்லை. உங்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் கீழ் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற விதிகள், பகல் பராமரிப்பு, இரவுப் பராமரிப்பு, வீட்டுக்கு வெளியே கல்வியும் பொழுதுபோக்கும், மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை உதவி என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேட்கின்றன. "நியாயமாக இயன்ற அளவுக்கு" என்று ஒரு வாலும் உண்டு. அதற்காக இரவை அடியோடு எடுத்துவிட்டு, சனிக்கிழமை நீச்சல் கிளப்பைக் காட்டிச் சமாளிக்க ஏலாது. அதேநேரம், உங்கள் பிள்ளை போகிற அந்தக் கட்டடத்தையே நடத்தவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், எத்தனை இரவு, எப்படியான பிள்ளைக்கு என்று கேளுங்கள்.

குரொய்டனிலிருந்து ஒரு அப்பா: அறிக்கையில் பாதிக் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

அண்ணா, முழு மீளாய்வும் இந்த ஒரு வசனத்தில்தான் நிற்கும். கட்டில் வெறுமையாகக் கிடப்பதற்கும் தேவை இல்லை என்பதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம்.

ஏன் வெறுமை? இரவெல்லாம் கத்தி ஓடுகிற பிள்ளையையும் வயிற்றுக் குழாயில் பால் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையையும் ஒரே இரவில் விடமாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் நிற்கவேண்டியிருந்தால் பக்கத்து அறையைப் பூட்டிவிடுவார்கள். இரவு வேலைக்கு ஆள் இல்லாவிட்டாலும் பூட்டுத்தான். இதையெல்லாம் விடப் பெரியது பனல், அதாவது யாருக்கு இரவு கொடுப்பது என்று முடிவெடுக்கிற கவுன்சில் குழு. சோஷல் வேர்க்கர் கேட்டு அனுப்புவார், பனல் "அளவுகோலுக்குள் வரவில்லை" என்று திருப்பிவிடும். வாசலில் வைத்துத் திருப்பின குடும்பம் எந்தக் கணக்கிலும் வராது. அடுத்த வருசம் அதே கவுன்சில் "கேட்பார் இல்லை" என்று எழுதும்.

எங்கள் இரண்டாவது மீளாய்வில் நடந்ததைச் சொல்கிறேன். "குடும்பங்கள் பயன்படுத்தாத இரவுகள்" என்று ஒரு நிரல் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, பிள்ளையின் பை கட்டி வாசலில் இருக்கும்போது, "ஸ்டாஃப் இல்லை, இன்றைக்கு வரவேண்டாம்" என்று அவர்களே எனக்குப் போன் எடுத்த நாட்கள் உண்டு. மற்றப் பெற்றோரிடமும் கேட்டு, போன் வந்த திகதிகளைச் சேர்த்துக்கொண்டு போனோம். ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்கள் தள்ளிவைத்த இரவுகள் எல்லாம் நாங்கள் வேண்டாம் என்ற இரவுகளாக அந்த நிரலுக்குள் இருந்தன. அடுத்த அறிக்கையில் அந்த நிரல் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

ஆகவே நீங்கள் எழுத்தில் கேட்கவேண்டியது: கடந்த மூன்று வருசத்தில் எத்தனை குடும்பம் இரவு கேட்டது, எத்தனைக்கு மறுத்தார்கள், எத்தனை காத்திருக்கிறது, எத்தனை இரவை யார் ரத்துச் செய்தது, ஏன். தராவிட்டால் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும்.

வெம்பிளியிலிருந்து ஒரு அம்மா: மாமி, "பெத்த பிள்ளையை ராத்திரி வெளியில விடுற தாய் எந்த ஊரில இருக்கு" எண்டு கேக்கிறா. எனக்கும் மனம் இடிக்குது அக்கா.

எனக்கும் இடித்தது. முதல் இரவு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் போனில் பேசின ஸ்டாஃப் பிள்ளை, "அன்ரி, அவர் நித்திரை, நீங்களும் படுங்கோ" என்றது. இரண்டாம் மாதம் மகளோடு இருந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்தோம். முடிய அவள் சொன்னாள், "அம்மா, இன்றைக்கு நீங்கள் நடுவில எழும்பி ஓடேல்லை."

நீங்கள் விழுந்து படுத்த பிறகுதான் கிடைக்கும் என்றும் இல்லை. மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க, படிக்க, வீட்டு வேலையைப் பார்க்க இடைவெளி கிடைத்தால் இன்னும் நன்றாகப் பராமரிப்பீர்கள் என்றால், அதையும் கவுன்சில் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அதே 2011 விதிகளில் இருக்கிறது. மாமியிடம் சட்டம் பேசவேண்டாம். ஒரு இரவு அவவைக் காவலுக்கு இருக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒருவர் (சொந்த ஊர் மதுரை): இரவு தங்க வைத்தால் பிள்ளையை சோஷல் சர்வீஸ் எடுத்துக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது மேடம்.

இந்தப் பயத்தால் கேட்காமலே விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதே 1989 சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தங்கினால் பிள்ளை கவுன்சிலின் பொறுப்பில் இருக்கிற பிள்ளை ஆகாது. 20ஆம் பிரிவில் தொடர்ந்து 24 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினால் அந்த நாட்களுக்கு அப்படிக் கணக்கு வரும். ஆனால் பெற்றோர் உரிமை முழுதும் உங்களிடம்தான், கூட்டிக்கொண்டு வரலாம். ஒரு தடவையில் 17 நாளுக்கும் வருசத்தில் 75 நாளுக்கும் மேற்படாவிட்டால் காகித வேலையும் குறைவு. எந்தப் பிரிவு என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து ஒரு அம்மா: றெஸ்பிற் வீட்டை மூடிவிட்டு டைரெக்ட் பேமென்ற் (நாங்களே ஆள் பிடிக்கக் கவுன்சில் தருகிற காசு) தருகினமாம். எடுக்கலாமோ?

விருப்பம் இருந்தால் எடுக்கலாம். தலையில் கட்ட முடியாது. எடுத்தால் ஆள் பிடிக்கிறது, சம்பளக் கணக்கு, காப்புறுதி, சுகவீனமானால் மாற்றாள் எல்லாம் உங்கள் வேலை. கூட இருக்கிற சொந்தக்காரரை வைத்துக்கொள்ள, கவுன்சில் அவசியம் என்று ஏற்றால்தான் முடியும். முதலில் இரண்டு ஏஜென்சியிடம், வலிப்புக்கு மருந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஒரு முழு இரவு நிற்க என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். கவுன்சில் தருகிற காசுக்கு அந்த இரவை வாங்க முடியாது என்றால், பிள்ளைக்கு இருக்கிறது என்று அவர்களே மதிப்பிட்ட தேவை நிறைவேறவில்லை. அந்த இரண்டு விலைத் தாளும் நீங்கள் எழுதுகிற எந்தக் கடிதத்தையும் விடப் பெறுமதி.

ஹரோவிலிருந்து இன்னொருவர்: சோஷல் வேர்க்கர் போனில், அடுத்த மாதத்திலிருந்து வருசத்துக்கு 24 இரவு 12 ஆகிறது, மீளாய்வு நடக்கிறது என்றார்.

சேவையை மீளாய்வு செய்வது வேறு, உங்கள் பிள்ளையின் தேவையை மீளாய்வு செய்வது வேறு. பிள்ளையைத் திரும்ப மதிப்பிடாமல் பாதியாக வெட்டுவது சரியில்லை. இஸ்லிங்ரன் கவுன்சிலுக்கு எதிரான 2009ஆம் ஆண்டு வழக்கொன்றில், சரியாக மதிப்பிடாமல் பொது அளவுகோலை வைத்து உதவியைக் குறைத்ததை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்: முடிவு எழுத்தில் வேண்டும், புது மதிப்பீட்டின் பிரதி வேண்டும், அதுவரை 24 தொடரவேண்டும். முறைப்பாடு கொடுத்தால் முதல் கட்டத்துக்கு 10 வேலை நாளில் பதில் வரவேண்டும், இழுத்தால் 20. கடைசியில் ஒம்புட்ஸ்மன், அதாவது கவுன்சில்கள் மேலான முறைப்பாட்டை விசாரிக்கிற சுயாதீன அதிகாரி. நீதிமன்றம் போகிறதென்றால் உடனே, எப்படியும் 3 மாதத்துக்குள். முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த 3 மாதத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இல்ஃபோர்டிலிருந்து ஒரு அம்மா: கருத்துக் கேட்கிற படிவம் ஆங்கிலத்தில் மட்டும். அதுவும் ஒரே ஒரு திட்டம், ஆம் அல்லது இல்லை.

யோசனை உருவாகிற கட்டத்திலேயே கேட்கவேண்டும், காரணம் விளங்கப்படுத்தவேண்டும், போதிய நேரம் தரவேண்டும், சொன்னதை மனதார யோசிக்கவேண்டும். இந்த நாலும் 1985இல் பிரென்ற் கவுன்சில் வழக்கில் வந்தவை. 2014இல் ஹரிங்கே வழக்கில், தள்ளிவிட்ட மற்ற வழிகளையும் மக்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் எங்கள் சனம் நிறைய இருக்கிற இடங்கள். இதை ஏன் நாங்கள் தெரிந்து வைத்திருக்கவில்லை என்று சிலவேளை யோசிப்பேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேயுங்கள். தம்பியைப் பற்றித் தாய் அழுது சொல்வதை அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: விசாவில் பொது நிதி (அரச உதவிப் பணம்) கிடையாது என்றிருக்கிறது. றெஸ்பிற் கேட்கலாமா?

கேட்கலாம். 17ஆம் பிரிவு உதவி அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை. டிஎல்ஏ (மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான அரச கொடுப்பனவு) அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்க முன் குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். டிஎல்ஏ எடுக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: கவுன்சில் காசில் தங்கிற நாட்கள் 28ஐத் தாண்டினால் டிஎல்ஏயின் பராமரிப்புப் பகுதி நிற்கும். தங்கல்களுக்கு இடையில் 28 நாளுக்கு மேல் இடைவெளி இல்லாவிட்டால் எல்லாம் கூட்டப்படும். போகிற நாளும் வருகிற நாளும் கணக்கில் வராது. வெள்ளி போய் ஞாயிறு வந்தால் ஒரு நாள்தான். கலண்டரில் குறித்து வையுங்கள்.

சட்டனிலிருந்து ஒரு அம்மா: கவுன்சில் கூட்டத்தில எனக்கு மூண்டு நிமிசம் தந்திருக்கினம். நான் அழுதிடுவன்.

ஒரே ஒரு இரவை மணிக்கூட்டோடு சொல்லுங்கள். 11.40க்கு எழும்பினான், 12.15க்கு விரிப்பு மாற்றினேன், 2 மணிக்கு வலிப்பு, 5 மணிக்குப் பால், 7 மணிக்குப் பள்ளி வண்டி. கடைசி அரை நிமிசத்துக்கு ஒரு கேள்வி: எத்தனை குடும்பத்துக்கு மறுத்தீர்கள்? அந்தக் கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும் என்று கேளுங்கள். தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒருவரை இருத்துங்கள். குரல் அடைத்தால் அவர் வாசிக்கட்டும்.